கீழ்த்தெருவுக்கு ஒரு லோடு

வெள்ளம் வடிந்து நாலு மாதம் வரைக்கும் அந்த ஊரில் வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டிகள் எல்லாம் ஒரே பக்கமாகத்தான் போயின. ஆற்றோரத்துக் கீழ்த்தெருக்களில் ஏற்றுவார்கள், மேட்டுப் பக்கத்தில் இறக்குவார்கள். திரும்பும்போது வண்டி காலி. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்து வீடு மாற்றிக் கொடுக்கும் டிரைவர், தன் பதினோரு வருடத் தொழிலில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"இறக்கத்துல வண்டி தானா உருண்டு வருது. டீசலே வேண்டாம். ஆனா ஏத்திட்டு வர ஒரு நாற்காலி கிடையாது" என்பார்.

அவர் மனைவியைத் தொழிலில் எல்லாரும் கயித்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்தபோது வைத்த பெயர் வேறு. வீடு மாற்றுகிற வேலையில் பாதி அவளுடையது. தூக்குவதும் இறக்குவதும் ஆண்கள். எதை முதலில் ஏற்றுவது, எதன்மேல் எதை வைப்பது, கண்ணாடி வைத்த பீரோவை எந்தப் போர்வையில் சுற்றுவது என்பதெல்லாம் அவள் சொன்னபடிதான். கடைசியில் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, கயிற்றை இந்தக் கொக்கியிலிருந்து அந்தக் கொக்கிக்கு எறிந்து எறிந்து கட்டி, முழங்காலைப் பலகையில் ஊன்றி ஓர் இழு இழுப்பாள். வண்டியே ஒரு முறை முனகும். அவள் கட்டிய லோடு வழியில் சரிந்தது என்ற பேச்சே கிடையாது.

வெள்ளத்துக்கு அப்புறம் அந்த வேலையும் வேறு மாதிரி ஆகிவிட்டது. எது சாமான், எது குப்பை என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. ஒரு வீட்டில் பள்ளிக்கூட வாத்தியார் சேறு அப்பிய புத்தகங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றச் சொன்னார். நூற்றுக்கு மேல் இருந்தன. எதுவும் இனிமேல் திறக்காது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சுற்றிக் கொடுத்தாள். இறக்கும் இடத்தில் அவரே அவற்றைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, "இப்பத்தான் மனசு ஆறுச்சும்மா" என்றார்.

மேட்டுப் பக்கத்தில் வாடகை ஒரே மாதத்தில் இரண்டு மடங்கானது. அதோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. விறகும் பழைய சைக்கிளும் போட்டு வைத்திருந்த கொட்டகைகளுக்கு வெள்ளையடித்து, கதவு மாட்டி, 'சிறு குடும்பத்துக்கு ஏற்றது' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். கீழ்த்தெருக்களில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் விற்பனைப் பலகை. முதலில் பாதி விலைக்குக் கேட்டார்கள். பிறகு கேட்க ஆளே வரவில்லை. அப்புறம் வெளியூர்க்காரர் ஒருவர் சேர்ந்தாற்போல் ஆறு வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, இடித்துக் கோடவுன் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது.

இவை எல்லாவற்றிலும் தரகர் இருந்தார். பழைய ஸ்கூட்டரும், சாவிகள் குலுங்கும் ஒரு துணிப்பையும் அவர் அடையாளம். போன வருடம் இதே கீழ்த்தெரு வீடுகளை "ஆத்துக் காத்து சும்மா அள்ளிட்டுப் போகும்" என்று சொல்லி வாடகைக்கு விட்டவர், இப்போது மேட்டு வீடுகளைக் காட்டும்போது "தண்ணி பாக்காத வீடு" என்றார்.

"தண்ணி பாக்காத வீடுன்னா குழாயிலயும் வராதாண்ணே?" என்று டிரைவர் கேட்டார்.

"தம்பி, இது சிரிக்கிற நேரமா? நீங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிடுவாரு."

சொன்னதில் தப்பில்லை. அப்படித்தான் நடந்தது.

டிரைவரும் கயித்தக்காவும் ஏழு வயசு மகளும் இருந்தது அப்படியொரு வெள்ளையடித்த கொட்டகையில்தான். அதற்கு முன்னால் எட்டு வருடம் கீழ்த்தெருவில் தரைவீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வெள்ளத்தில் அந்த வீட்டின் பின்சுவர் போய்விட்டது. வந்து நின்றவர்களுக்குக் கொட்டகையைத் திறந்துவிட்டு, பாயும் போர்வையும் கொடுத்து, முதல் மாத வாடகையே வேண்டாம் என்று சொன்னவர் மேட்டு வீட்டுக்காரம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கையில் டீயோடு வந்து வாசலில் நின்றபோது, ஏதோ சொல்லத் தயங்குகிறார் என்று கயித்தக்காவுக்குப் பட்டது. அந்த அம்மா டீ கொண்டு வருகிறவர் இல்லை.

"சொல்லுங்கக்கா."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"வாடகை ஏத்தணுமா?"

"அது இல்லம்மா. மருந்துக் கம்பெனியில வேலை பாக்குற ஒரு தம்பி வந்து கேட்டான். நீங்க குடுக்கிறதுல ரெண்டு பங்குக்கு மேல தரேங்கிறான். நான் முதல்ல முடியாதுன்னுதான் சொன்னேன், உன் மேல சத்தியமா. ஆனா எங்க துணிக்கடை கீழதான இருந்துச்சு. சரக்கு மொத்தமும் சேறாப் போச்சு. இவரு காலையில எழுந்து கடைச் சாவியைக் கையில எடுத்துட்டு, எங்க போறதுன்னு தெரியாம உக்காந்திருக்காரு. எனக்கு வேற வழி தெரியலை."

கோபப்படலாமா என்று கயித்தக்கா ஒரு கணம் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"அக்கா, நீங்க இதுவரைக்கும் செஞ்சதே பெருசு. மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கிறோம்" என்றாள். வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். டீ ஆறிப்போயிருந்தது. அதை மூன்று பேரும் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஒன்பது வீடு பார்த்தார்கள். ஒரு வீட்டில் வண்டி நிறுத்தக் கூடாது என்றார்கள். ஒரு வீட்டில் குழந்தை ஓடுமா என்று கேட்டார்கள். ஏழு வயசுக் குழந்தை ஓடாமல் பறக்குமா என்று டிரைவர் கேட்டதோடு அது முடிந்தது. ஒரு வீட்டுக்குத் தரகரோடு போய்ச் சேரும்போது உள்ளே வேறொரு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. கதவு எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று தரகர் பையிலிருந்த சாவிகளைப் புரட்டிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் டிரைவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"கீழ்த்தெருவுல மாடி வீடு ஏதாவது..."

"அந்தப் பேச்சே வேண்டாங்க."

"மாடின்னா தண்ணி..."

"நீங்க அன்னைக்கு அங்க இல்ல" என்றாள். அது உண்மைதான். அவர் அன்றைக்கு ஒரு கல்லூரிக்காரரின் சாமானை ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். பாலம் மூழ்கி, அக்கரையில் இரண்டு நாள் வண்டிக்குள்ளேயே கிடந்தார். 

அந்த வாரம்தான் கீழ்த்தெரு மோட்டார்க்காரர் போன் செய்தார்.

"தம்பி, ஒரு லோடு இருக்கு. மேட்டுல இருந்து கீழ."

"அண்ணே, திசை மாத்திச் சொல்றீங்க."

"சரியாத்தான் சொல்றேன். என் வீட்டுக்குத் திரும்பிப் போறேன்."

மோட்டார்க்காரர் கீழ்த்தெருவில் அவர்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் என்று சுற்றுகிற எதையும் பிரித்துப்போட்டுச் சரிசெய்வார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. தொடையைக் கையால் அழுத்தி அழுத்தி நடப்பார். சொந்த வீடு, முன்பக்கம் பட்டறை, வெளியே மாடிப்படி. வெள்ளத்துக்குப் பிறகு மச்சான் அவரையும் மனைவியையும் மேட்டில் மூன்றாவது மாடியில் ஓர் அறையில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"ஊர்ல இருக்கிற மோட்டார் பூரா தண்ணி குடிச்சுட்டுக் கிடக்குது" என்றார் போனில். "அதைப் பாக்கத் தெரிஞ்ச நான் மூணாவது மாடியில உக்காந்து காக்கா எண்ணிட்டு இருக்கேன். வாஷிங் மெஷினைத் தூக்கிட்டு மூணு மாடி எவன் ஏறுவான்? நான் ஏறுறதே பெரும்பாடு. தங்கச்சியையும் கூட்டிட்டு வா. மோட்டாருக்குத் தாமிரக் கம்பியைக் காயிலாச் சுத்துற மெஷின் இருக்கு. அது அவ கட்டினாத்தான் நிக்கும்."

கயித்தக்கா போன் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.  மோட்டார்க்காரர் என்றால் அவளுக்குள் இரண்டு நினைவு ஒரே சமயத்தில் வரும். ஒன்று தண்ணீர். இன்னொன்று, அந்தத் தண்ணீரில் அவள் மகள் அவர் தோளில் உட்கார்ந்து போனது.

அது விடிந்து சற்று நேரத்தில் நடந்தது. கதவைத் திறக்கப் பார்த்தாள், வெளியே தண்ணீர் அழுத்தித் திறக்கவில்லை. உள்ளே இடுப்பளவு வந்துவிட்டது. மகளை அலமாரி மேல் ஏற்றிவிட்டு, கூப்பிட ஒரு பெயரும் வாயில் வராமல் நின்றாள். அப்போது சுவரையும் ஜன்னலையும் பிடித்துப் பிடித்து மோட்டார்க்காரர் வந்தார். கையில் ஒரு இரும்புக் கம்பி. ஜன்னல் சட்டத்தை நெம்பி எடுத்து, மகளை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்தக் காலை வைத்துக்கொண்டு. அவர் வீட்டு மாடியில் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு முழங்கால் வரைக்கும்தான் நனைந்திருந்தது. அந்த மாடியில் பதினாலு பேர் இரண்டு நாள் இருந்தார்கள். அவள் அந்த இரண்டு நாளும் ஜன்னலை விட்டு நகரவில்லை. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுவதையும், பிறகு ஒவ்வொரு படியாக இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் டிரைவர் சேற்றில் ஓடி வந்து நின்றபோது, மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனவள்தான். மோட்டார்க்காரரிடம் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கு வேலை வந்தால், கட்ட வேண்டியதைப் பக்கத்துத் தெருவில் நின்று கட்டினாள்.

"நான் வரேன். ஆனா கீழ்த்தெருவுல வண்டியை விட்டு இறங்க மாட்டேன்" என்றாள் சாயங்காலம்.

"சரி."

"நிஜமாத்தான்."

"நான்தான் சரின்னு சொல்லிட்டேனே."

மூன்றாவது மாடியிலிருந்து சாமானை இறக்கவே காலை முழுதும் ஆயிற்று. கட்டில், இரண்டு தகரப்பெட்டி, பாத்திர மூட்டை, அப்புறம் தாமிரக் கம்பிச் சுருள்களும் பேரிங் டப்பாக்களும். காயில் சுற்றும் மெஷினை நாலு பேர் தூக்கினார்கள். கயித்தக்கா அதை வண்டியின் நடுவில் வைத்து, சாக்கை மடித்து அடியில் கொடுத்து, நாலு மூலையிலும் கட்டினாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மோட்டார்க்காரரின் மனைவி முன்னால் டிரைவர் கூண்டில் கயித்தக்காவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். மோட்டார்க்காரர் பின்னால் தன் மெஷினைப் பிடித்தபடி. இறக்கத்தில் எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லாம் சாமானோடு கீழே போகிற வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தியே கேட்டார்.

"வழி தவறிட்டீங்களாண்ணே?"

"இல்லப்பா. வழி தெரிஞ்சிருச்சு" என்று பின்னாலிருந்து மோட்டார்க்காரர் குரல் வந்தது.

கீழ்த்தெருவில் நுழைந்ததும் கயித்தக்கா மடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வாசனையை என்ன செய்வது? ஈரச் சுண்ணாம்பு, காய்ந்த சேறு, எங்கோ எரிக்கிற பழைய மரம். தெருவே ஓய்ந்து கிடக்கும் என்று நினைத்திருந்தாள். பேச்சுக் குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், மோட்டார்க்காரர் வீட்டு வாசலில் ஆறேழு பேர் நிற்கிறார்கள். ஒருவர் சைக்கிளில் தண்ணீர் மோட்டாரைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒரு பெண் இடுப்பில் மிக்ஸியை வைத்திருந்தாள், குழந்தையை வைத்திருப்பதுபோல. இரண்டு வாஷிங் மெஷின்கள் முன்னாலேயே வந்து சுவரோரம் நின்றன.

"எப்படித் தெரிஞ்சுது இவங்களுக்கு?" என்று கயித்தக்கா கேட்டாள்.

"இவரு ஒருத்தர்கிட்டத்தான் சொன்னாரு" என்றார் மோட்டார்க்காரரின் மனைவி. "அந்த ஒருத்தர் போதாதா?"

வண்டியின் பின்கதவைத் திறந்து மெஷினை இறக்கத் தொடங்கினார்கள். வரிசையில் நின்றவர்களும் கை கொடுத்தார்கள். பழக்கமில்லாத கை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மெஷின் ஒரு பக்கமாகச் சாய, கீழே தொடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மோட்டார்க்காரரை நோக்கி நழுவியது.

"விடாதீங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே கயித்தக்கா இறங்கிப் பின்னால் ஓடினாள். கயிற்றை மெஷினின் இடுப்பில் சுற்றி, வண்டிக் கொக்கியில் போட்டு, காலை ஊன்றி இழுத்துப் பிடித்தாள். பிறகு அங்குலம் அங்குலமாக விட்டாள். மெஷின் பூனைக்குட்டி மாதிரி தரையில் வந்து உட்கார்ந்தது. கையை உதறியபோதுதான் காலடியில் இருப்பது கீழ்த்தெரு என்று அவளுக்கு உறைத்தது. டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

டீ வந்தது. ரொட்டியும் வந்தது. பட்டறையில் ஒரு பழைய பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். கயித்தக்கா சுற்றிப் பார்த்தாள். பிளக் எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தது. மரக்கதவு இருந்த இடத்தில் இரும்புக் கதவு. சுவரில் மேல்தட்டுகள்.

"தங்கச்சி, உங்க வீட்டு விஷயம் கேள்விப்பட்டேன்" என்றார் மோட்டார்க்காரர். "எங்க மாடி காலியாத்தான் இருக்கு. ஒரு அறை, ஒரு சமையலறை. பழைய வாடகை என்ன குடுத்தீங்களோ அதையே குடுங்க."

அவள் டீயை ஊதிக்கொண்டே இருந்தாள். குடித்து முடித்த டம்ளர் அது.

"தண்ணி இனிமே வராதாண்ணே?"

"வரும். வராதுன்னு சொன்னா நான் தரகர். அந்த அளவுக்கு எப்ப வரும்னு தெரியாது. ஆனா வரும்."

"அப்ப எப்படிண்ணே நான் பிள்ளையை வச்சுக்கிட்டு..." என்றவள் நிறுத்தினாள். "என்னால அந்த ஜன்னல்கிட்ட நிக்க முடியாது. ரெண்டு நாள் அதையே பாத்துட்டு இருந்திருக்கேன்."

மோட்டார்க்காரர் பதில் சொல்வதற்குள் வாசலில் சாவிகள் குலுங்கின. தரகர்தான். ஸ்கூட்டரை நிறுத்தாமலேயே பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. உங்க மாடிக்கு ஆள் இருக்கு. கீழ்த்தெருவுல தரைவீட்டைத்தான் சீந்த ஆளில்ல, மாடிக்கு ஆளாப் பறக்குறாங்க. மேட்டுல கட்டுப்படியாகாதவங்க எல்லாம் இப்ப மாடி தேடி இங்கதான் வராங்க. பழைய வாடகையை விட ஒண்ணரை பங்கு. என்ன சொல்றீங்க?"

"ஆள் வந்தாச்சு" என்றார் மோட்டார்க்காரர்.

"யாரு?"

அவர் கயித்தக்காவைக் காட்டினார்.

"நான் இன்னும் சொல்லலையேண்ணே" என்றாள் அவள்.

"பாருங்க, அவங்களே சொல்லலைங்கிறாங்க" என்றார் தரகர்.

"சொல்றப்போ சொல்லட்டும். அதுவரைக்கும் காலியாக் கிடக்கட்டும்."

தரகர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார். சாவிப்பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "காலியாப் போடுறதுக்கு ஒரு வீடா? இந்த ஊர்லயா?" என்று தனக்குத்தானே சொல்லியபடி அவர் போனார்.

"எதுக்குண்ணே எங்களுக்காக நஷ்டப்படுறீங்க?" என்று கயித்தக்கா கேட்டாள். "செஞ்சது போதாதா?"

"நான் என்ன செஞ்சேன்?"

"என் பிள்ளையைத் தோள்ல வச்சுக் கொண்டுவந்தீங்களே."

மோட்டார்க்காரர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதை மட்டுமா ஞாபகம் வச்சிருக்க? கயித்தை மறந்துட்டியா?"

அவளுக்குப் புரியவில்லை.

"ஜன்னல் வழியா வெளிய வர்றப்போ நீ என்ன பண்ண? வீட்டுல கிடந்த லோடு கயித்தை எடுத்து, ஒரு முனையை உன் வீட்டு இன்னொரு ஜன்னல் கம்பியில கட்டி, என் இடுப்புல ஒரு சுத்து போட்ட. நான்கூடத் திட்டினேன், இந்த நேரத்துல என்ன கட்டிட்டு இருக்கேன்னு. நடுத்தெருவுல எனக்கு ரெண்டு தடவை கால் போச்சு. ரெண்டு தடவையும் அந்தக் கயிறுதான் நிறுத்துச்சு. இல்லைன்னா நானும் உன் பிள்ளையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருப்போம். அப்புறம் அதே கயித்தோட மறுமுனையை என் மாடிப்படியில கட்டின. மிச்சம் பத்துப் பேரும் அதைப் பிடிச்சுத்தான் வந்தாங்க. அந்தச் சைக்கிள்காரரைக் கேளு, அவரும் ஒருத்தரு."

வாசலில் நின்ற சைக்கிள்காரர், "ஆமாங்க" என்றார். "கை தோல் உரிஞ்சு போச்சு. ஆனா முடிச்சு அசையலை."

கயித்தக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லை. கயிறு கட்டுவது தினமும் செய்கிற வேலை. மூச்சு விட்டதை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? அவளுக்கு நினைவில் இருந்தது மகளின் பாதம், அதற்குக் கீழே தண்ணீர், அவ்வளவுதான்.

"நாலு மாசமா உங்களை விசாரிச்சுட்டே இருந்தாரு" என்றார் மோட்டார்க்காரரின் மனைவி. "நேர்ல போய்க் கேக்கலாம்னு நான் சொன்னா, அவங்களே பயந்துபோயிருக்காங்க, தொந்தரவு பண்ணாதேம்பாரு. நான் ஒண்ணு சொல்லவா? அடுத்த தடவை தண்ணி வந்தா இவரை நான் ஒருத்தியா மேல ஏத்த முடியாது. எங்களுக்கும் ஆள் வேணும்மா. உங்களுக்குப் பாவம் பாத்து மட்டும் கேக்கலை."

அந்த வார்த்தைதான் கயித்தக்காவை எழுப்பியது. "மாடியை ஒரு தடவை பாத்துட்டு வரேன்" என்று தனியாகப் படியேறினாள். டிரைவர் எழுந்தார், மோட்டார்க்காரர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அறை சின்னதாக இருந்தது. பதினாலு பேர் இதற்குள்ளா இருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. தரை கழுவி விட்டிருந்தது. ஜன்னலுக்குப் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கீழே தெரு இருந்தது. எதிர்வீட்டில் ஒருத்தி வாசலில் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மெத்தை ஒன்று மதில்மேல் காய்ந்தது. அவள் கணவர் வண்டியை இன்னும் ஓரமாக நிறுத்தச் சொன்ன ஒருவரிடம், இதற்கு மேல் ஓரம் என்றால் வீட்டுக்குள்தான் நிறுத்த வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். சைக்கிள்காரரின் முறை வந்துவிட்டது. அவ்வளவுதான். எவ்வளவு நேரம் பார்த்தும் அங்கே தெருவைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

இறங்கி வந்து மோட்டார்க்காரர் முன்னால் நின்றாள்.

"ஒரு நிபந்தனைண்ணே. தண்ணி கணுக்காலைத் தொட்டாலே நீங்க மேல வந்துடணும். மோட்டாரை எடுத்துட்டு வரேன், டப்பாவை எடுத்துட்டு வரேன்னு நிக்கக் கூடாது. அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

"சரி."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நான்தான் சரின்னு சொல்லிட்டேனேம்மா" என்றார். டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அன்றைக்கே மோட்டார்க்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாயெடுத்தாள். வாஷிங் மெஷின்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

மாசக் கடைசியில் தங்கள் சாமானை ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். மேட்டு வீட்டுக்காரம்மா மகளுக்கு ஒரு புதுத் துணி கொடுத்து அனுப்பினார். கடையில் மேல்தட்டில் இருந்ததால் தப்பிய துணி. போகப் போக மேட்டில் வாடகை ஏறுவது நின்றது. காலியான கொட்டகைகளில் பலகை தொங்க ஆரம்பித்தது. கீழ்த்தெருவில் ஆறு வீட்டை வாங்கியவர் நாலை இடித்தார், இரண்டை மாடி கட்டி வாடகைக்கு விட்டார். தரகர் இப்போது "மேல ஏற மாடி இருக்கிற வீடு" என்று புதிதாக ஒன்றைச் சொல்லி விற்றார். டிரைவரின் வண்டி இரண்டு பக்கமும் சாமானோடு போனது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையிலிருந்து விடாமல் பெய்தது. பத்து மணிக்குத் தெருவில் தண்ணீர் நின்றது. பதினோரு மணிக்குப் பட்டறை வாசல்படியைத் தொட்டது. கயித்தக்கா அடுப்பை அணைத்துவிட்டு இறங்கினாள். லோடு கயிற்றை எடுத்து மாடிக் கம்பியில் முடிச்சுப் போட்டாள்.  மோட்டார்க்காரரை நாற்காலியோடு டிரைவரும் சைக்கிள்காரரும் தூக்கினார்கள். "ஏய், நான் என்ன பீரோவா?" என்று அவர் முனகினார். "பீரோன்னா பேசாம வரும்" என்றார் டிரைவர். பிறகு மோட்டார்களும் மிக்ஸிகளும் கூடையில் வைத்துக் கயிற்றில் ஒவ்வொன்றாக மேலே போயின. காயில் சுற்றும் மெஷினை மட்டும் மேல்தட்டுச் சங்கிலியில் தூக்கிக் கட்டினார்கள்.

தண்ணீர் முழங்கால் வரைக்கும் வந்தது. பிற்பகலில் அங்கேயே நின்றுவிட்டது.

மாடி அறையில் கால் வைக்க இடமில்லை. யார் யார் வீட்டு மோட்டார்களோ சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மகள் அவற்றுக்கு நடுவில் படுத்து வீட்டுப்பாடம் எழுதினாள். மோட்டார்க்காரர் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு மிக்ஸியைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். அவர் மனைவியும் டிரைவரும் ஜன்னலில் நின்று, தெருவில் மிதந்து போகிற பிளாஸ்டிக் நாற்காலி யாருடையது என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். கயித்தக்கா சோறும் பருப்பும் பொரித்த முட்டையும் தட்டில் போட்டுக்கொண்டு வந்து மோட்டார்க்காரர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"என்னம்மா?"

"அன்னைக்குப் பாப்பாவைத் தூக்கிட்டு வந்தீங்களே. அதுக்கு நான் ஒண்ணுமே சொல்லலைண்ணே. போறப்போகூடச் சொல்லாமப் போயிட்டேன்."

"என்ன சொல்லணும்?"

"ரொம்ப நன்றிண்ணே."

சொல்லிப் பழகாத வார்த்தை. பள்ளிக்கூட விழாவில் மேடையில் நின்று சொல்வதுபோல வந்தது. மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஜன்னலில் நாற்காலி வாதம் நின்றது.  மோட்டார்க்காரர் மடியிலிருந்த மிக்ஸியை ஓரமாக வைத்து, கையை வேட்டியில் துடைத்தார்.

"எனக்கும்தான் உன்கிட்ட அதைச் சொல்ல வேண்டியிருக்கு" என்றார். "சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். முட்டையைக் கடைசிக்கு வைத்திருந்து தின்றார். முடித்ததும் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அவள் போட்டாள்.